7083 வெடிப்புகளும் வெடிக்காத நேரங்களும்: மின்பார் தரவுத் தொகுப்பு, ஒரு மதிப்புரை

மின்பார் என்ற பெயரைத் தமிழ்க் காது கேட்டால் மின்னலைப் பார்க்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். பல கருவிகள் பதிவு செய்த வெடிப்புகளின் ஆவணக் காப்பகம் என்பது அதன் பொருள். ஆனாலும் தற்செயலாய் வாய்த்த தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தவே செய்கிறது. நியூட்ரான் விண்மீன்களின் மேற்பரப்பில் ஓரிரு நொடிகளில் மூண்டு, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தணிந்துவிடும் எக்ஸ் கதிர் வெடிப்புகள் இதில் ஒரே அட்டவணையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டங்கன் கேலோவே தலைமையிலான பன்னாட்டுக் குழு இதைத் தொகுத்து 2020இல் ஆய்விதழில் வெளியிட்டது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதுகலை இயற்பியல் மாணவர்களின் திட்டப்பணிக்காக நான் இதைச் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருவதால், ஒரு பயனாளர் என்ற நிலையில் நின்றே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிய தொகுப்பு இது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சூரியனைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நிறையைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கிய நியூட்ரான் விண்மீன் ஒன்று, சிறிய துணை விண்மீனோடு இணைந்து சுற்றும்போது, துணையின் வெளிப்படலத்திலிருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் திரள் வட்டு (நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டு) வழியாக அதன் மீது வந்து இறங்குகின்றன. இந்தப் பொருள்வரத்து இடைவிடாமல் எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அதுதான் அந்த அமைப்பின் நிலையான ஒளி. வந்திறங்கிய எரிபொருளோ மேற்பரப்பில் சில மீட்டர் தடிமனுக்குப் படிந்து, அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஒரு கட்டத்தில் கட்டுப்பாடற்ற அணுக்கரு இணைவாக வெடிக்கிறது. படலம் முழுவதும் எரிந்து தீர்ந்ததும் மீண்டும் முதலிலிருந்து சேரத் தொடங்குகிறது. விண்மீன் அப்படியே இருக்க, அதன் மேல்தோல் மட்டும் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ இடைவெளி விட்டு இப்படித் திரும்பத் திரும்ப எரிவதை முதல் வகை வெடிப்பு என்பார்கள். பொருள்வரத்தே விட்டுவிட்டு வருவதால் உண்டாகும் இரண்டாம் வகை வெடிப்புகளுக்கு இத்தொகுப்பில் இடமில்லை. 1976இல் கண்டுபிடிக்கப்பட்ட விரைவு வெடிப்பி என்ற, இரண்டாம் வகை வெடிப்புகளுக்குப் புகழ்பெற்ற அமைப்பை மட்டுமே தேடி வருபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொகுப்பின் அளவைச் சொல்கிறேன். 85 விண்மீன் அமைப்புகளிலிருந்து 7083 வெடிப்புகள். 1996 பிப்ரவரி 8 முதல் 2012 மே 3 வரையிலான நோக்கல்கள். மூன்று செயற்கைக்கோள்கள்: நாசாவின் ஆர்எக்ஸ்டிஇ, இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து அனுப்பிய பெப்போசாக்ஸ், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இன்டெக்ரல். மூன்றிலும் இதற்குப் பயன்பட்டவை செனான் வாயு நிரப்பிய எண்ணிகளே என்பதால் அவற்றின் அளவீடுகளை ஒரே தராசில் நிறுத்த முடிந்திருக்கிறது. இதே கேலோவே 2008இல் வெளியிட்ட முந்தைய பட்டியலில் ஆர்எக்ஸ்டிஇ மட்டும் கண்ட 1187 வெடிப்புகள், 48 அமைப்புகளிலிருந்து, இடம்பெற்றிருந்தன. அதைப் பயன்படுத்திப் பழகியவருக்குப் புதியதன் பெருமை எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது சீக்கிரமே புரியும்.

இத்தொகுப்பு இல்லாத காலத்தில் ஒரு மாணவர் ஒரே ஒரு வெடிப்பை ஆராய வேண்டுமென்றாலும் மூலக் கோப்புகளை நாசாவின் காப்பகத்திலிருந்து இறக்கி, அதற்கான மென்பொருளை நிறுவி, உணர்கருவியின் துலங்கலைக் கணக்கிட்டு, பின்னணியைக் கழித்து, நிறமாலையைப் பொருத்தி, ஒரு பருவத்தின் பாதியை அதிலேயே செலவழிக்க வேண்டியிருந்தது. அந்த வழி இன்றும் திறந்தேதான் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்வது நல்லதும்கூட. ஆனால் ஒரு வெடிப்பு எத்தனை நொடியில் உச்சம் தொட்டது, உச்சத்தில் எவ்வளவு பாயம் (ஒரு நொடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் வந்து விழும் ஆற்றல்), மொத்தம் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்ந்தது, தணிய எவ்வளவு நேரம் எடுத்தது என்பவை எல்லாம் ஒரே முறையில் அளக்கப்பட்டு வரிசையாகக் கிடைக்கும்போது, மாணவர் கேள்விக்கு நேராக வந்துவிடலாம். ஆர்எக்ஸ்டிஇ, பெப்போசாக்ஸ் கண்டவற்றுக்கு வெடிப்பின் போக்கில் வெப்பநிலை மாறியதையும் நேரவாரியாகக் காணலாம். இன்டெக்ரலின் ஜெம்-எக்ஸ் கருவி கண்டவற்றுக்கு இந்த வசதி இல்லை, ஒளி வளைவரை (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் கோடு) அளவீடுகள் மட்டுமே உண்டு. அட்டவணையை அப்படியே வடிகட்டாமல் வரைபடமாக்கினால் கணிசமான வரிசைகள் வெற்றிடமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துக்காட்டாக ஓர் அமைப்பைப் பார்ப்போம். ஜிஎஸ் 1826-24 என்பதற்குக் 'கடிகார வெடிப்பி' என்றே பெயர் உண்டு. அவ்வளவு சீரான இடைவெளியில் வெடிக்கும். 1997-98 காலத்தில் அந்த இடைவெளி 5.74 மணி நேரம். 2000க்குள் நிலையான எக்ஸ் கதிர் ஒளி 36 விழுக்காடு கூட, இடைவெளி 4.10 மணியாகக் குறைந்தது. 2002 ஜூலையில் 3.56 மணி. எரிபொருள் வேகமாக வந்தால் அடுத்த வெடிப்பும் வேகமாக வரும் என்ற எளிய கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையும் அமைப்புகள் மிகச் சில. வெடிப்பு ஒவ்வொன்றும் முந்தையதன் அச்சு நகல் போலவே இருக்கும், சுமார் 150 நொடிக்கு நீளும். ஹைட்ரஜன் மிகுந்த எரிபொருளில் அணுக்கருக்கள் அடுத்தடுத்துப் புரோட்டான்களைப் பிடித்துக் கனமாகிக்கொண்டே போவதால்தான் அந்த நீண்ட வால் உண்டாகிறது.

இதை முதன்முதலில் மாணவருக்குக் கொடுத்தபோது ஒரு சறுக்கல் நேர்ந்தது. உச்சப் பாயம் என்ற நெடுவரிசையில் 30ஐ ஒட்டிய எண், மொத்த ஆற்றல் என்ற நெடுவரிசையில் 1.1ஐ ஒட்டிய எண். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், உச்ச அளவிலேயே எரிந்திருந்தால் வெடிப்பு எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் என்ற கால அளவு கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது நான்தான். அவர் வகுத்துக்கொண்டு வந்து, "சார், நூற்றில் நாலு பங்கு நொடிகூட ஆகலையே, அதுக்குள்ள எப்படி வெடிச்சு முடியும்?" என்று கேட்டார். வளைவரையோ ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சப் பாயம் பத்தின் மைனஸ் 9ஆம் அடுக்கிலும் மொத்த ஆற்றல் பத்தின் மைனஸ் 6ஆம் அடுக்கிலும் தரப்பட்டிருப்பதால், வந்த விடையை ஆயிரத்தால் பெருக்கினால் 37 நொடி என்ற சரியான அளவு கிடைக்கும். அலகு விளக்கம் அட்டவணையோடு தெளிவாகவே தரப்பட்டிருந்தது. படிக்காமல் விட்டது என் பிழை. புதிதாகத் தொடங்குபவர் எண்களைத் தொடும் முன் அந்த விளக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்து மேசை மேல் வைத்துக்கொள்வது நல்லது.

அதே அமைப்பில் இன்னொரு கணக்கும் போடலாம். இரண்டு வெடிப்புகளுக்கு இடையே நிலையான ஒளியாக வெளிவந்த மொத்த ஆற்றலை, வெடிப்பில் வந்த ஆற்றலால் வகுத்தால் வரும் விகிதத்தை ஆல்ஃபா என்பார்கள். ஜிஎஸ் 1826-24க்கு அதன் சராசரி 41.7. அதாவது, விழும்போது வெளியிட்ட ஈர்ப்பாற்றலில் நாற்பதில் ஒரு பங்குதான் பின்னர் அணுக்கரு எரிப்பில் கிடைக்கிறது. நியூட்ரான் விண்மீன் மீது விழும் ஒவ்வொரு நியூக்ளியானும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஈர்ப்பாற்றலைத் தருகிறது. ஹைட்ரஜன் கலந்த எரிபொருள் எரிந்தால் அதே நியூக்ளியானுக்கு நான்கைந்து மட்டுமே. ஹீலியம் மட்டும் எரிந்தால் இன்னும் குறைவு என்பதால் ஆல்ஃபா 100ஐத் தாண்டும். ஆக, எரிபொருளின் சேர்மானத்தை ஒரே ஒரு வகுத்தல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வகுப்பறையில் இதைவிட மலிவாக, இதைவிட ஆழமான ஒரு பயிற்சியை நான் தந்ததில்லை.

ஆனால் அந்த வகுத்தலுக்கு இரண்டு வெடிப்புகளுக்கு இடையிலான உண்மையான கால இடைவெளி வேண்டும். இங்கேதான் தொகுப்பை எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது. முந்தைய வெடிப்பிலிருந்து கடந்த நேரம் என்று அட்டவணை தருவது, முந்தைய பதிவிலிருந்து கடந்த நேரமே. ஆர்எக்ஸ்டிஇ சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி நேரம் பூமியே குறுக்கே நின்று விண்மீனை மறைக்கும். தென் அட்லாண்டிக் மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போது கருவியை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேல், அடுத்த ஆராய்ச்சியாளரின் அடுத்த இலக்குக்குத் தொலைநோக்கி திரும்பிவிடும். இடையில் ஒரு வெடிப்பு தவறினால் 5.74 என்பது 11.48 ஆகும், இரண்டு தவறினால் 17.22. கடிகாரம்போல் வெடிக்கும் அமைப்பில் இந்த மடங்குகளைப் பார்த்ததுமே பிடித்துவிடலாம். ஒழுங்கற்று வெடிக்கும் அமைப்பில் அது இயலாது; பதிவான இடைவெளியை அப்படியே எடுத்துக்கொண்டு ஆல்ஃபாவைக் கணக்கிட்டால் ஹைட்ரஜன் எரியும் அமைப்பும் ஹீலிய அமைப்பாகத் தோன்றிவிடும்.

இந்த இடத்தில் கைகொடுப்பது தொகுப்பின் இரண்டாம் அட்டவணை. என் கருத்தில் மின்பாரின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. அது வெடிப்புகளைப் பட்டியலிடவில்லை. அந்த அமைப்புகளை மூன்று செயற்கைக்கோள்களும் எப்போதெல்லாம், எவ்வளவு நேரம் பார்த்தன, அப்போது நிலையான ஒளி எப்படி இருந்தது என்பதைப் பட்டியலிடுகிறது. மொத்தம் 1,18,848 நோக்கல்கள். 7083 வெடிப்புகளும் ஆளுக்கொரு நோக்கலில் வந்தன என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 1,11,000க்கும் மேற்பட்ட நோக்கல்களில் வெடிப்பே இல்லை. பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை என்று இத்தனை முறை பொறுமையாக எழுதி வைத்த ஆவணம் இந்தத் துறையில் இதற்கு முன் இருந்ததில்லை. எத்தனை முறை வெடித்தது என்பதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதால் வகுத்தால்தான் வெடிப்பு வீதம் கிடைக்கும். கீழே நிற்க வேண்டிய எண் இல்லாமல் மேலே நிற்கும் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்த வீதத்தில்தான் இத்துறையின் பெரிய புதிரும் அடங்கியிருக்கிறது. பொருள்வரத்து கூடக்கூட வெடிப்புகள் அடிக்கடி வர வேண்டும் என்பதே கோட்பாடு சொல்வது. பல அமைப்புகளில் ஓர் எல்லை வரை அப்படித்தான் நடக்கிறது. அதற்கு மேல் வரத்து கூடும்போது வெடிப்புகள் குறையத் தொடங்குகின்றன. பெப்போசாக்ஸ் தரவை வைத்து 2003இலும், ஆர்எக்ஸ்டிஇ தரவை வைத்து 2008இலும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கூடுதலாக வரும் எரிபொருள் வெடிக்காமலேயே நிதானமாக எரிந்துபோகிறது என்று கொண்டால், கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைந்த வரத்திலேயே அது ஏன் தொடங்குகிறது என்ற கேள்வி எழுகிறது. மின்பாரின் இரண்டாம் அட்டவணையைக் கொண்டு ஒரு மாணவர் தம் மடிக்கணினியிலேயே இந்தத் திருப்பத்தை வரைந்து பார்த்துவிடலாம்.

தொலைவைக் கணக்கிடும் பயிற்சிக்கும் இது நன்கு பயன்படுகிறது. வெடிப்பு மிக வலுவாக இருந்தால், வெளியேறும் ஒளியின் அழுத்தமே மேற்படலத்தைத் தூக்கி விரிக்கும்; எடிங்டன் வரம்பு என்ற அந்த உச்சத்துக்கு மேல் பிரகாசம் ஏறாது. எந்த வெடிப்பில் இந்த விரிவு காணப்பட்டது, எதில் ஐயத்துக்கு இடம் உண்டு என்பதற்குத் தொகுப்பில் தனிக் குறியீடு இருக்கிறது. 4யூ 1820-30ஐ எடுத்துக்கொள்ளலாம். என்ஜிசி 6624 என்ற கோள வடிவ விண்மீன் கொத்தில் உள்ள இந்த அமைப்பு 685 நொடிக்கு ஒருமுறை, அதாவது பதினொன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், தன் சுற்றை முடித்துவிடுகிறது. வெடிப்புகளின் உச்சப் பாயம் மேற்சொன்ன அலகில் ஏறத்தாழ 50 முதல் 60 வரை. உச்சப் பிரகாசம் நொடிக்கு 3.8 பெருக்கல் பத்தின் 38ஆம் அடுக்கு எர்க் என்று கொண்டால், தொலைவு ஏழிலிருந்து எட்டு கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) என்று வருகிறது; கொத்தின் தொலைவாகப் பிற வழிகளில் கிடைப்பதும் அதை ஒட்டியதுதான். மாணவர் மகிழ்ந்துபோவார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த 3.8 என்ற எண்ணே தொலைவு தெரிந்த இத்தகைய கொத்துகளிலுள்ள வெடிப்பிகளைக் கொண்டு 2003இல் நிலைநிறுத்தப்பட்டது, அவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே இதே கணக்கைக் கொத்துக்கு வெளியே உள்ள 4யூ 1728-34 போன்ற ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்பதே உண்மையான சோதனை.

அந்த 4யூ 1728-34இல்தான் 1996இல் வெடிப்பின்போது எழும் துடிப்பு முதன்முதலில் கண்டறியப்பட்டது; நொடிக்கு 363 முறை. எரியும் பகுதி விண்மீனின் சுழற்சியோடு நம் பார்வைக்கு வந்து வந்து மறைவதால் ஏற்படும் துடிப்பு அது. 4யூ 1636-536இல் 581 முறை. இத்தகைய துடிப்பு ஏற்கெனவே காணப்பட்ட அமைப்புகளின் 950 வெடிப்புகளில் அது உண்டா, எவ்வளவு வலுவாக, வெடிப்பின் எந்தக் கட்டத்தில் என்பதை மின்பார் தனியாகத் தருகிறது. துடிப்பில் ஆர்வம் உள்ளவர் இந்த ஒரு பகுதிக்காகவே இதை நாடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ்டிஇயின் முதன்மைக் கருவிக்குப் படம் எடுக்கும் திறன் இல்லை. சுமார் ஒரு பாகை அகலத்துக்குள் இருப்பதையெல்லாம் ஒன்றாக எண்ணிவிடும். பால்வழியின் மையத்தை நோக்கி அமைப்புகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் எது வெடித்தது என்பதைத் தொகுத்தவர்கள் வேறு சான்றுகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்பகுதி அமைப்புகளை எடுப்பவர் ஒவ்வொரு வரிசையின் குறிப்புகளையும் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். நிறமாலைப் பொருத்தத்தில் வரும் வெப்பநிலையும் ஆரமும் கரும்பொருள் (வெப்பநிலையை மட்டும் பொறுத்து ஒளி உமிழும் கற்பனைப் பொருள்) மாதிரியிலிருந்து வருபவை; விண்மீனின் வளிமண்டலம் ஒளியின் நிறத்தைச் சற்று மாற்றிவிடுவதால் அந்த ஆரத்தை விண்மீனின் உண்மையான ஆரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெடிப்புக்கு முந்தைய ஒளியை மாறாத ஒன்றாகக் கருதிக் கழிக்கும் வழக்கமும், வெடிப்பின்போது பொருள்வரத்தே கூடலாம் என்பதைக் காட்டும் ஆய்வுகளுக்குப் பிறகு, முன்போல் உறுதியாக நிற்கவில்லை. இவை தொகுத்தவர்களின் கவனக்குறைவால் வந்தவையல்ல. ஆனாலும் எண்கள் நான்கு இலக்கத் துல்லியத்தில் வந்து நிற்கும்போது இளையவர்கள் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

மிகப் பெரிய குறை 2012 மே மாதத்தோடு கதை நின்றுவிடுவது. 2019 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் கருவி எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4-3658 என்ற அமைப்பில் கண்ட வெடிப்பு, 20 நொடியில் சூரியன் ஏறத்தாழ பத்து நாளில் வெளியிடும் ஆற்றலைக் கொட்டியது. அது இந்த அட்டவணையில் இல்லை. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட் கண்டவையும் இல்லை. நெதர்லாந்தின் சிறு செயற்கைக்கோள் ஒன்று 4யூ 1820-30இல் இவ்வகை வெடிப்பை முதன்முதலில் பதிவு செய்தது 1975 செப்டம்பரில்; நாற்பது ஆண்டு கழித்து அதே மாதத்தில் விண்ணேறிய ஆஸ்ட்ரோசாட்டின் லேக்ஸ்பிசி கருவி, 4யூ 1636-536இல் அடுத்தடுத்து மூன்று வெடிப்புகளைப் பிடித்தது; அவற்றில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே சுமார் ஐந்தரை நிமிடமே. எரிபொருள் மீண்டும் சேர அவ்வளவு குறுகிய நேரம் போதாது என்பதால், முந்தைய வெடிப்பில் எரியாமல் எஞ்சியது எப்படித் தாங்கி நின்றது என்பதே அங்கு எழும் கேள்வி. ஆஸ்ட்ரோசாட்டின் தரவும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதால், 2012க்குப் பிந்தைய பகுதியைத் தாமே சேர்த்துக்கொள்ள விரும்புபவருக்கு வழி இருக்கிறது. ஆனால் மின்பாரில் கிடைக்கும் ஒரே தராசு அங்கே கிடைக்காது, அளவீடுகளை ஒப்பிடும் வேலை முழுவதும் நம் தலையில் விழும்.

இயற்பியலில் இளங்கலை முடித்து, பைத்தானில் ஓர் அட்டவணையைத் திறந்து வடிகட்டத் தெரிந்த எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விண்மீன்களைப் படமாகப் பார்த்து மகிழ விரும்புபவருக்கு இதில் ஒன்றும் இல்லை. இது முழுக்க முழுக்க எண்களும் வளைவரைகளும்தான். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டது 2012. என் அனுபவத்தில் மாணவர்கள் எப்போதும் வெடிப்பு அட்டவணையைத்தான் முதலில் திறக்கிறார்கள், இரண்டாவதைத் திறக்கச் சொல்லி நான் பின்னால் அலைய வேண்டியிருக்கிறது. வரும் பருவத்தில் வெடிப்பு அட்டவணையை என்னிடமே வைத்துக்கொண்டு, ஜிஎஸ் 1826-24இன் நோக்கல் பட்டியலை மட்டும் கொடுத்து, எப்போதெல்லாம் வெடித்திருக்க வேண்டும் என்று முதல் வாரத்தில் குறித்துவரச் சொல்லப் போகிறேன்.